இரண்டாம் மானிட்டரில் முழுத்திரை ரிமோட் டெஸ்க்டாப்: ஏன் எப்போதும் லேப்டாப்பிலேயே திறக்கிறது?

கேள்வி, 2 ஜூலை 2025, இரவு 10:15

அக்கா, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் அல்சூர் வீட்டிலிருந்தே வேலை. கணக்கு மென்பொருளான டேலி ஆபீஸ் சர்வரில் இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் நுழைவேன். லேப்டாப் பக்கத்தில் 24 இஞ்ச் மானிட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது கனெக்ட் செய்தாலும் லேப்டாப்பின் சின்னத் திரையில்தான் முழுசாக விரிகிறது. பெரியது சும்மா கிடக்கிறது. 'எல்லா மானிட்டரையும் பயன்படுத்து' என்பதை டிக் செய்தால் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது, ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறக்க இடமே இல்லை. எனக்குப் பெரிய மானிட்டர் மட்டும் ரிமோட்டுக்கு வேண்டும், லேப்டாப் எனக்கு வேண்டும். மைக்ரோசாஃப்ட் இதற்கு வழியே வைக்கவில்லை என்கிறார் கூட வேலை செய்பவர். உண்மையா?

2 ஜூலை, இரவு 11:05

வழி இருக்கிறது தம்பி. அவர் சொன்னதில் பாதி சரி. ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கும் விண்டோவில் எங்கே தேடினாலும் 'எந்த மானிட்டரில்' என்று கேட்கும் பெட்டி கிடையாது. ஒன்று முழுத்திரை, இல்லை எல்லாத் திரையும். நடுவில் உள்ள தேர்வு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதை நாளை எழுதுகிறேன், இன்றைக்கு வேலை நடக்க ஒரு கைவழி.

கனெக்ட் ஆனதும் மேலே ஒரு நீலப் பட்டை வரும். அதில் வலது ஓரத்து மூன்று பொத்தான்களில் நடுவில் உள்ளதை அழுத்தினால் ரிமோட் ஒரு சாதாரண விண்டோவாகச் சுருங்கும். அதன் தலைப்பைப் பிடித்துப் பெரிய மானிட்டருக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே மேக்ஸிமைஸ் அழுத்துங்கள். விண்டோ எந்தத் திரையில் இருக்கிறதோ அந்தத் திரையை நிரப்பும். அவ்வளவுதான்.

நீங்கள் எக்ஸ்டெண்ட் முறையில்தான் (இரண்டு திரையும் தனித்தனி) இருக்கிறீர்கள், இல்லையென்றால் அந்த டிக் இரண்டு திரையையும் பிடித்திருக்காது. இதே சிக்கலோடு படிக்கும் மற்றவர்கள் முதலில் விண்டோஸ் விசையோடு பி அழுத்திப் பாருங்கள். டூப்ளிகேட் (இரண்டிலும் ஒரே படம்) என்று இருந்தால் உங்கள் கணினிக்கு இரண்டாவது திரை என்று ஒன்றே கிடையாது, கீழே எழுதும் எதுவும் பலிக்காது.

3 ஜூலை, காலை 7:50

சர்வர் எந்த வயசு என்று கேட்க மறந்துபோனது. சர்வர் 2012 ஆர்2 அல்லது அதற்குப் பிறகு வந்தது என்றால் விண்டோவை இழுத்து விரித்த உடனே உள்ளே உள்ள டெஸ்க்டாப்பும் புதுத் திரைக்கு ஏற்றபடி அளவு மாறிக்கொள்ளும். ரிமோட் டெஸ்க்டாப்பின் இணைப்பு முறையான ஆர்டிபியின் 8.1 பதிப்பு கொண்டுவந்த வசதி அது. அதற்கு முந்தைய 2008 ஆர்2 இன்னும் பல ஆடிட்டர் ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் லேப்டாப் அளவில் திறந்த படம் பெரிய மானிட்டரின் நடுவே சின்னதாக உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் கறுப்பு. மானிட்டரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை டிஸ்கனெக்ட் செய்துவிட்டு, பெரிய திரையிலேயே திறக்கும்படி அமைத்து மறுபடி கனெக்ட் செய்தால் நிறைந்துவிடும். டிஸ்கனெக்ட் செய்வதால் உள்ளே திறந்திருக்கும் டேலி மூடிப்போகாது, சைன் அவுட் செய்தால்தான் மூடும்.

3 ஜூலை, இரவு 9:30

இப்போது உண்மையான வழி.

ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, கீழே ஷோ ஆப்ஷன்ஸ் அழுத்தி, ஜெனரல் பக்கத்தில் சேவ் ஆஸ் கொடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். அது ஆர்டிபி என்று முடியும் கோப்பு. அதை டபுள் கிளிக் செய்தால் நேரே கனெக்ட் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் போன எத்தனையோ ஆபீஸ்களில் இதைத் திறந்து காட்டும்போது பார்ப்பவர் முகம் மாறும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

உள்ளே வரிசையாக வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறகு முக்காற்புள்ளி, ஓர் எழுத்து, மறுபடி முக்காற்புள்ளி, மதிப்பு. நமக்கு வேண்டியவை மூன்று, கோப்பில் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் இருக்கும்.

ஸ்கிரீன் மோட் ஐடி: மதிப்பு 2 என்றால் முழுத்திரை, 1 என்றால் விண்டோ. 2 வையுங்கள்.

யூஸ் மல்ட்டிமான்: 0 வையுங்கள். நீங்கள் டிக் செய்ததும் இது 1 ஆனதால்தான் இரண்டு திரையும் போனது.

வின்பாஸ்எஸ்டிஆர்: இதுதான் ஒளிந்திருந்த தேர்வு. இதில் ஆறு எண்கள் இருக்கும். முதல் இரண்டை விட்டுவிடுங்கள். அடுத்த நான்கும் விண்டோவின் இடது, மேல், வலது, கீழ் ஓரங்கள், பிக்ஸல் கணக்கில். பள்ளியில் வரைபடத்தாளில் புள்ளி வைத்த மாதிரிதான். முதன்மைத் திரையின் மேல் இடது மூலை 0, 0. அங்கிருந்து வலப்பக்கம் எண் கூடும், கீழ்ப்பக்கம் எண் கூடும்.

உங்கள் லேப்டாப் 1366க்கு 768, வலது பக்கம் உள்ள மானிட்டர் 1920க்கு 1080 என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் தொடங்கும் இடம் 1366, முடியும் இடம் 3286. ஆகவே கடைசி நான்கு எண்கள் 1366, 0, 3286, 1080. சேமித்து, கோப்பை டபுள் கிளிக் செய்யுங்கள். முழுத்திரை என்று சொன்னாலும் ரிமோட் டெஸ்க்டாப் இந்த இடத்தைப் பார்த்துத்தான் எந்த மானிட்டர் என்று முடிவு செய்கிறது.

3 ஜூலை, இரவு 10:10

மானிட்டர் இடது பக்கம் இருப்பவர்களுக்கு: எண் மைனஸில் போகும். 1920 அகல மானிட்டர் இடப்பக்கம் என்றால் -1920, 0, 0, 1080. லேப்டாப்புக்கு நேர் மேலே மானிட்டரை மாட்டியிருந்தால் மேல் ஓரம் -1080, கீழ் ஓரம் 0. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த இரண்டு பெட்டிகளையும் எப்படி அடுக்கியிருக்கிறீர்களோ அதுதான் கணக்கு, மேசை மேல் எப்படி இருக்கிறது என்பது இல்லை.

4 ஜூலை, மதியம் 1:20

"அக்கா வந்துடுச்சு, காலைல டபுள் கிளிக் பண்ண உடனே பெரிய மானிட்டர்ல நின்னுச்சு" என்று எழுதியிருக்கிறார் தம்பி. மகிழ்ச்சி.

இன்னொருவர் எண்களைப் போட்டும் பாதித் திரையில் நிற்கிறது என்கிறார். அவருடைய லேப்டாப்பில் அளவு 150 சதவீதம் வைத்திருக்கிறார், அதனால் டிஸ்ப்ளே செட்டிங்ஸைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதில் குழப்பம். நேற்று எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கணக்கே போட வேண்டாம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்டிஎஸ்சி (ரிமோட் டெஸ்க்டாப் நிரலின் பெயர்) என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, எல் என்று கொடுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். ஒவ்வொரு மானிட்டருக்கும் ஓர் எண், அதன் அகல உயரம், நான்கு ஓரங்கள். ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் திரைகளை எப்படிப் பார்க்கிறது என்பதை அதுவே சொல்கிறது. அந்த எண்களையே எடுத்து எழுதுங்கள்.

5 ஜூலை, காலை 11:00

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒருவர் சரியான கேள்வி கேட்டார்: மானிட்டருக்கே எண் இருக்கும்போது 'ஒன்றாம் எண்ணில் திற' என்று சொல்ல முடியாதா? முடியும். யூஸ் மல்ட்டிமான் மதிப்பை 1 ஆக்கி, செலக்டட்மானிட்டர்ஸ் என்று ஒரு வரி சேர்த்து, எஸ் போட்டு, அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த மானிட்டர் மட்டும்தான் ரிமோட்டுக்குப் போகும். மூன்று மானிட்டர் வைத்திருந்து அதில் இரண்டை மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் இதை விட்டால் வேறு வழி இல்லை. இரண்டு எண்ணையும் காற்புள்ளியிட்டு எழுதலாம், முதலில் எழுதுவது ரிமோட்டுக்குள் முதன்மைத் திரையாகும். இரண்டும் ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் ஒரு மானிட்டரைத் தாண்டி எடுக்க முடியாது.

ஒற்றை மானிட்டருக்கு நான் இன்னும் வின்பாஸ் வழியைத்தான் சொல்வேன். பட்டியலில் உள்ள மானிட்டர் எண்கள் 0, 1 என்று தொடங்கும், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பெரிதாகக் காட்டும் 1, 2 என்ற எண்களோடு பொருந்தாது. அதைவிடப் பெரிய தொல்லை, டாக் (லேப்டாப்பை மானிட்டர்களோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் கழற்றி மாட்டினால் எண் மாறிவிடுகிறது. நேற்று 1 ஆக இருந்தது இன்று 4 என்று நிற்கும். இடம் மாறாது, அதனால் இடத்தைச் சொல்லும் வரிதான் நிலையானது. டாக் இல்லாமல் நேரே எச்டிஎம்ஐயில் மாட்டுபவர்கள் எதை வைத்தாலும் சரி.

5 ஜூலை, இரவு 8:45

'எல்லா மானிட்டரையும்' பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன்.

1998ல் என்டி 4.0 டெர்மினல் சர்வரோடு ஆர்டிபி வந்தபோது ஒரு மனிதர், ஒரு திரை என்பதுதான் கணக்கு. ஆர்டிபி 6 வந்தபோது ஸ்பேன் என்று ஒன்று வந்தது. இரண்டு மானிட்டரையும் ஒட்டி ஒரே நீளத் திரையாக்கும். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், மொத்தம் 4096க்கு 2048ஐத் தாண்டக் கூடாது. இரண்டு 1920 மானிட்டர் சேர்ந்து 3840, உள்ளே அடங்கியது. இரண்டு 2560 மானிட்டர் வாங்கியவர்களுக்கு 5120, வெளியே போய்விட்டது. ரிமோட்டுக்குள் மேக்ஸிமைஸ் செய்தால் எக்செல் இரண்டு திரையிலும் நீண்டு, நடுவில் மானிட்டர் விளிம்பு ஒரு நெடுவரிசையையே விழுங்கும். 2009ல் விண்டோஸ் 7ஓடு ஆர்டிபி 7 வந்துதான் ஒவ்வொரு திரையையும் தனித்தனியாக உணரும் மல்ட்டிமான் கிடைத்தது, 16 மானிட்டர் வரை. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை.

ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இது சரியான ஏற்பாடு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆபீஸ் கணினி உங்கள் எல்லாத் திரைகளையும் எடுத்துக்கொண்டால், உங்கள் சொந்தக் கணினி கண்ணிலிருந்து மறைகிறது. பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் செய்தி, வங்கி ஓடிபி, வீடியோ அழைப்பு எல்லாம் திரைக்குப் பின்னால் போய்விடும். வீடியோ அழைப்பை ரிமோட்டுக்குள் திறந்தால் கேமரா வீட்டிலிருந்து ஆபீஸ் போய், அங்கிருந்து வெளியே போய், மறுபடி உங்களிடம் வரும், குரலும் படமும் தனித்தனியாக நடக்கும். அழைப்பு உங்கள் லேப்டாப்பில், ஆபீஸ் வேலை பக்கத்துத் திரையில் என்று பிரித்து வைத்தால் இரண்டும் நன்றாக நடக்கும். எது யாருடைய திரை என்பது தலையைத் திருப்பினாலே தெரிய வேண்டும். தம்பி கேட்டது சின்ன வசதி இல்லை, நியாயமான எல்லை.

இணைய வேகத்துக்கும் இது நல்லது. ஒரு 1920க்கு 1080 திரை என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்ஸல். 4கே மானிட்டர் என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, 83 லட்சத்துக்குப் பக்கத்தில். ஆர்டிபி மாறிய பகுதியை மட்டும்தான் அனுப்பும், அதனால் டேலியில் எண் அடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. பெரிய பிடிஎஃப் ஒன்றை மேலும் கீழும் உருட்டும்போது தெரியும்.

7 ஜூலை, மாலை 6:30

பெரிய மானிட்டரில் எழுத்து மங்கலாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வேறு காரணங்கள்.

முதலாமவர் லேப்டாப் 150 சதவீதம், மானிட்டர் 100 சதவீதம். லேப்டாப்பில் தொடங்கிய செஷனை இழுத்துக்கொண்டு வந்தால், ரிமோட்டுக்குள் ஏற்கெனவே திறந்திருந்த பழைய மென்பொருள்கள் பழைய அளவையே பிடித்துக்கொண்டு மங்கலாக நிற்கும். உள்ளே ஒருமுறை சைன் அவுட் செய்து, நேரே பெரிய மானிட்டரில் திறந்தால் தெளியும். கைவழியை விடக் கோப்புவழி மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாமவருக்கு ஆர்டிபி கோப்பில் ஸ்மார்ட் சைசிங் 1 என்று இருந்தது. அது படத்தை அப்படியே நீட்டிச் சுருக்கி விண்டோவுக்குள் பொருத்தும். பழைய சர்வரில் கறுப்பு ஓரத்தைப் போக்க உதவும், ஆனால் எழுத்து கூர்மை இழக்கும். நாள் முழுக்க எண்களைப் பார்ப்பவர் 0 வைத்துக்கொள்ளுங்கள், கண் பாவம்.

மூன்றாவது ஒருவர் எழுத்து தெளிவுதான், மவுஸ் மட்டும் இழுபடுகிறது என்கிறார். 4கே மானிட்டரை எந்தக் கேபிளில் மாட்டியிருக்கிறார் என்று கேட்டேன். பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே என்றால் வினாடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கும். நல்ல கேபிள் வாங்க எஸ்.பி. ரோடு போகிறேன் என்கிறார். போவதற்கு முன் லேப்டாப்பைப் பாருங்கள். 1.4 என்பது லேப்டாப்பின் எல்லை, கேபிளை மாற்றி ஒன்றும் ஆகாது. டைப்-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் வெளியே விடும் லேப்டாப் என்றால் அதற்கான கேபிள் வாங்கினால் 60 கிடைக்கும். கடைக்காரரிடம் 'டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட், 4கே 60' என்று சொல்லிக் கேளுங்கள், சும்மா 'டைப்-சி கேபிள்' என்றால் போன் சார்ஜர் வயரை எடுத்துக் கொடுப்பார்.

9 ஜூலை, இரவு 10:40

விசைகள். தம்பி ஆல்ட்-டேப் அடித்தால் போர்ட்டலுக்கு வர முடியவில்லை, ரிமோட்டுக்குள்ளேயே சுற்றுகிறது என்கிறார்.

லோக்கல் ரிசோர்ஸஸ் பக்கத்தில் கீபோர்ட் என்று ஒரு தேர்வு உண்டு. விண்டோஸ் விசைச் சேர்க்கைகள் இந்தக் கணினிக்கா, ரிமோட்டுக்கா, முழுத்திரையில் இருக்கும்போது மட்டும் ரிமோட்டுக்கா என்று கேட்கும். கடைசியதுதான் பொதுவாக இருக்கும். அதை மாற்ற வேண்டாம் என்பேன். ரிமோட்டுக்குள் நாலைந்து விண்டோ திறந்து வேலை செய்பவருக்கு ஆல்ட்-டேப் அங்கேதான் தேவை. லேப்டாப் திரையில் எங்காவது ஒரு கிளிக் செய்துவிட்டால் விசையெல்லாம் உங்கள் கணினிக்கு வந்துவிடும், ரிமோட் பெரிய மானிட்டரில் அப்படியே நிற்கும். கை மவுஸில்தானே இருக்கிறது.

மவுஸைத் தொடவே பிடிக்காதவர்களுக்கு: கண்ட்ரோல்-ஆல்ட்-ஹோம் அடித்தால் கவனம் மேலே உள்ள பட்டைக்கு வரும். கண்ட்ரோல்-ஆல்ட்-பிரேக் முழுத்திரைக்கும் விண்டோவுக்கும் மாற்றும். கண்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் என்பது ரிமோட்டுக்குள் கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். டேலியின் ஆல்ட்-ஜி, ஆல்ட்-எஃப்2 போன்றவை விண்டோஸ் சேர்க்கைகள் அல்ல, அவை எந்தத் தேர்விலும் ரிமோட்டுக்கே போகும்.

மேலே அந்த நீலப் பட்டை டேலியின் மேல் மெனுவை மறைக்கிறது என்றால் அதில் உள்ள குண்டூசிப் படத்தை அழுத்துங்கள், ஒளிந்துகொள்ளும். பட்டையை இடது வலதாக இழுத்து ஓரத்துக்கும் தள்ளலாம்.

11 ஜூலை, காலை 8:15

இன்று ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை அறிக்கை) தாக்கலுக்குக் கடைசி நாள். எந்த அமைப்பையும் இன்று மாற்றாதீர்கள். ஓடுவது ஓடட்டும்.

14 ஜூலை, இரவு 9:20

கரண்ட் கதை. பெங்களூரில் மழைக்காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யும் எல்லோருக்கும் இது வரும். கேஇபிக்காரர்கள் (மின்வாரியத்தார்) மரக்கிளை வெட்டுகிறார்கள், ஒரு மணி நேரம் போகிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, மோடம் சின்ன யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, மானிட்டர் மட்டும் அணைந்துவிடுகிறது. ரிமோட் எங்கே?

இரண்டு விதமாக நடக்கும். மானிட்டர் கழன்றுவிட்டது என்று லேப்டாப் உணர்ந்தால் ரிமோட் லேப்டாப் திரைக்குத் தாவும், நல்லது. உணராவிட்டால்தான் சங்கடம். எச்டிஎம்ஐயில் மாட்டிய சில மானிட்டர்கள் கரண்ட் இல்லாமலும் இருப்பதாகவே காட்டிக்கொள்ளும். ரிமோட் இருண்ட மானிட்டரில் நிற்கும், நீங்கள் அடிப்பது எங்கேயோ போகும். விண்டோஸ்-ஷிஃப்ட்-இடது அம்பு அடித்து விண்டோவை இழுக்கலாம் என்று பலரும் முயல்வார்கள், நகராது. முழுத்திரையில் இருக்கும் வரை விண்டோஸ் விசை ரிமோட்டுக்குள் போய்விடுகிறது, மேலே கீபோர்ட் பற்றி எழுதிய அதே காரணம்.

ஆகவே முதலில் கண்ட்ரோல்-ஆல்ட்-பிரேக். ரிமோட் விண்டோவாகும், விண்டோஸ் விசை உங்களுடையதாகும். பிறகு விண்டோஸ்-ஷிஃப்ட்-அம்பு. விண்டோ லேப்டாப்புக்கு வரும். மேக்ஸிமைஸ் செய்து வேலையைத் தொடருங்கள். லேப்டாப்பில் பிரேக் விசையே இல்லை என்றால், லேப்டாப் திரையின் டாஸ்க்பாரில் ஒரு கிளிக் செய்துவிட்டு விண்டோஸ்-பி அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஒரே திரைக்கு வந்து சேரும். கரண்ட் வந்ததும் மறுபடி எக்ஸ்டெண்ட்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மல்ட்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்ற பகுதியைப் பாருங்கள். மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இருந்த இடத்தை நினைவில் வைக்கச் சொல்லும் தேர்வு அங்கே இருக்கிறது. அதை டிக் செய்தால் மானிட்டர் திரும்ப வரும்போது விண்டோக்களும் பழைய இடத்துக்குப் போக முயலும். ரிமோட் வராமல் நின்றுவிட்டால் டிஸ்கனெக்ட் செய்து அதே கோப்பை மறுபடி டபுள் கிளிக் செய்வதே சுருக்கமான வழி. உள்ளே வேலை அப்படியே இருக்கும்.

15 ஜூலை, காலை 7:30

மானிட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டினால் போச்சு என்று ஒருவர் சொல்கிறார். 24 இஞ்ச் எல்ஈடி மானிட்டர் அதிகம் மின்சாரம் எடுப்பதில்லை, சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாராளமாகத் தாங்கும். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், மேலே எழுதியது எதுவும் தேவைப்படாது.

17 ஜூலை, இரவு 11:30

திரையை விட்டு விலகிப் போகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

இன்று ஒருவர் தன் ஆர்டிபி கோப்பை அப்படியே ஒட்டி "ஏன் இரண்டாவது மானிட்டரில் வரவில்லை" என்று கேட்டிருந்தார். முகவரி வரியில் ஆபீஸின் பொது ஐபி, பக்கத்தில் 3389, ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் எண். அதாவது ரவுட்டரில் அந்தக் கதவைத் திறந்து நேரே இணையத்தில் விட்டிருக்கிறார்கள். அதை உடனே நீக்கச் சொல்லிவிட்டேன். கோப்பைப் பகிரும்போது முழு முகவரி என்ற வரியையும் யூசர்நேம் வரியையும் அழித்துவிட்டுப் பகிருங்கள்.

2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தது நினைவிருக்கும். பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழையக்கூடிய ஓட்டை. ஆதரவு முடிந்து ஆண்டுகள் ஆன எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும் கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். 2008 ஆர்2வும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்டேட் செய்யாத சர்வர் இன்றும் திறந்தே கிடக்கிறது. இணையம் முழுக்க 3389ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு, போர்ட் எண்ணை மாற்றினாலும் தேடிக் கண்டுபிடிக்கும். ஊரார் கணக்கெல்லாம், அவர்களுடைய பான் எண்ணும் வங்கி விவரமும், அந்தச் சர்வரில் இருக்கிறது. முதலில் விபிஎன் (ஆபீஸுக்கு மட்டுமான பாதுகாப்பான இணைப்பு), அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப். உங்கள் ஆபீஸில் கணினி பார்ப்பவரிடம் நாளைக் காலையே கேளுங்கள். மானிட்டர் எல்லாம் அப்புறம்.

20 ஜூலை, மதியம் 3:00

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு கேள்வி: வீட்டுக் கணினியில் தமிழ்99 விசைப்பலகை வைத்திருக்கிறேன், ரிமோட்டுக்குள் போனால் அங்கேயும் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆபீஸில் மற்றவர்கள் திட்டுகிறார்கள்.

கனெக்ட் ஆகும்போது உங்கள் கணினியின் விசைப்பலகை அமைப்பும் கூடவே போகிறது, அதனால்தான். கனெக்ட் செய்யும் முன் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வது எளிய வழி. நிரந்தரமாக வேண்டும் என்றால் சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் கீபோர்ட் லேஅவுட் என்ற இடத்தில் 'இக்னோர்ரிமோட்கீபோர்ட்லேஅவுட்' என்று ஒரு டிவேர்ட் மதிப்பு சேர்த்து 1 வைக்க வேண்டும். அது நிர்வாகியின் வேலை, நீங்களாகத் தொட வேண்டாம்.

எனக்கு இதன் மறுபக்கம் பிடிக்கும். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடிக்க வேண்டிய நாளில், சர்வரின் விண்டோஸுக்கும் தமிழ்99 தெரிந்திருந்தால் தனியாக எதுவும் அமைக்காமலே அது கூட வந்து நிற்கிறது. திட்டுபவர்களிடம் அதையும் சொல்லுங்கள்.

26 ஜூலை, இரவு 8:00

விண்டோஸ் இல்லாதவர்களுக்கு.

மேக்கில் பழைய மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப்தான் 2024 செப்டம்பரில் விண்டோஸ் ஆப் என்று பெயர் மாறியது. கணினியின் அமைப்பில் டிஸ்ப்ளே பக்கம் போய் 'யூஸ் ஆல் மானிட்டர்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். மேக்கின் சிஸ்டம் செட்டிங்ஸில், டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில், ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்பேஸ் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது அணைந்திருந்தால் ஒரு திரையில் முழுத்திரை ஆக்கும்போது மற்றது கறுப்பாகிவிடும். அப்புறம் விண்டோவை இழுத்துப் பெரிய மானிட்டருக்குக் கொண்டுபோய்ப் பச்சைப் பொத்தான்.

லினக்ஸில் ரெம்மினா வைத்திருந்தால் விண்டோ இருக்கும் திரையிலேயே முழுத்திரை ஆகும், வலது கண்ட்ரோலோடு எஃப். ஃப்ரீஆர்டிபி பயன்படுத்துபவர்களுக்கு மானிட்டர்ஸ் என்ற தேர்விலேயே எண்ணைக் கொடுத்துவிடலாம், கூடவே முழுத்திரைக்கு எஃப். எண்களின் பட்டியல் கேட்கும் கட்டளை இரண்டாம் பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் வேறு வேறு: பழையதில் மானிட்டர்-லிஸ்ட், புதியதில் லிஸ்ட் முக்காற்புள்ளி மானிட்டர். எனக்குக் கேட்டால் மூன்று உலகங்களில் இதை ஒழுங்காகச் செய்திருப்பது ஃப்ரீஆர்டிபிதான்.

27 ஜூலை, காலை 9:10

"ரிமோட் டெஸ்க்டாப்பையே நிறுத்திவிட்டார்கள், இனி இதெல்லாம் எதற்கு" என்று ஒருவர். நின்றது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கும் ரிமோட் டெஸ்க்டாப் ஆப், அதற்கு ஆதரவு 2025 மே 27ல் முடிந்தது. நாம் இங்கே பேசுவது விண்டோஸோடு கூடவே வரும் எம்எஸ்டிஎஸ்சி. அது இருக்கிறது.

3 ஆகஸ்ட், இரவு 9:50

தம்பி மறுபடி: "அக்கா, ரெண்டு நாளா திரும்ப லேப்டாப்லயே வருது."

கேட்டுப் பார்த்ததில், கோப்பை டபுள் கிளிக் செய்யாமல் ஸ்டார்ட் மெனுவில் ரிமோட் டெஸ்க்டாப் என்று தேடித் திறந்து, சர்வர் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அப்படித் திறந்தால் அது உங்கள் கோப்பைப் பார்ப்பதே இல்லை. டாக்குமெண்ட்ஸில் டிஃபால்ட் என்ற பெயரில் மறைந்திருக்கும் இன்னொரு ஆர்டிபி கோப்பைப் பார்க்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் அதைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். அதைத் திருத்தி வைப்பதில் பயன் இல்லை. டெஸ்க்டாப்பில் நாம் செய்த கோப்பையே பயன்படுத்துங்கள். அதன் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், 'ரீட் ஒன்லி' டிக் செய்துவிட்டால் தவறிப்போய் யாராவது சேவ் அழுத்தினாலும் எண்கள் மாறாது. பின்னால் மானிட்டரை இடம் மாற்றினால் அந்த டிக்கை எடுத்துவிட்டு, சாய்கோடு-எல் பட்டியலை மறுபடி பார்த்து, புது எண்களை எழுதி, திரும்ப டிக் செய்யுங்கள்.